சாத்திய கதவுக்குப் பின்னிருந்த பாடல்கள்

நினைவில் நிற்கும் கச்சேரி என்றதும் பெரிய அரங்குகளும் பெரிய பெயர்களுமே பெரும்பாலும் நம் மனத்தில் எழுகின்றன. 1871ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், ஓபர்லின் என்னும் சிற்றூரின் தேவாலயத்தில் நடந்த நிகழ்ச்சிக்கு அப்படிப்பட்ட சிறப்பு எதுவும் இருக்கவில்லை. நுழைவுச்சீட்டு கிடையாது. கேட்க வந்தவர்கள் இசைக்காக வந்தவர்களும் அல்லர். கான்கிரிகேஷனல் திருச்சபைகளின் தேசிய மாநாடு அங்கே கூடியிருந்தது. அதன் இடைவேளையில் சில பாடல்களைப் பாடிக்கொள்ள ஒரு கல்லூரி மாணவர் குழு அனுமதி பெற்றிருந்தது, அவ்வளவுதான். ஆயினும் ஆஃப்ரிக்க அமெரிக்க இசை உலக மேடையேறிய கதையை எழுதும் எவரும் அந்த இடைவேளையைத் தொடாமல் கடந்துவிட முடியாது.

ஃபிஸ்க் ஜூபிலி பாடகர்கள் என்று பின்னாளில் புகழ்பெற்ற அக்குழுவின் கதையைப் பெரும்பாலும் ஓர் அற்புதக் கதையாகவே சொல்கிறார்கள். ஏழை மாணவர்கள் பாடினார்கள், உலகம் உருகியது, கல்லூரி பிழைத்தது. இதில் பொய் ஏதுமில்லை. ஆனால் இந்தக் கதைச் சுருக்கத்தில் முக்கியமான ஒன்று விடுபட்டுப் போகிறது. அன்று அவர்களைக் காப்பாற்றிய பாடல்களை அயலார் முன் பாட அந்த மாணவர்களுக்கே மனமில்லை. ஏன் மனமில்லை, பிறகு எப்படிப் பாடினார்கள், பாடியதன் விலை என்ன என்பவையே இக்கட்டுரையின் அக்கறைகள்.

*

அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. அடுத்த ஆண்டு ஜனவரி 9ஆம் நாள் டென்னஸி மாநிலத்தின் நாஷ்வில் நகரில், போர்க்காலத்தில் வடபடையின் மருத்துவமனையாக இருந்த மரக் கொட்டகைகளில், விடுதலை பெற்ற அடிமைகளுக்கான பள்ளி ஒன்று திறக்கப்பட்டது. அமெரிக்க மிஷனரி சங்கம் அதை நடத்தியது. இடம் கிடைக்க உதவிய ஜெனரல் கிளின்டன் ஃபிஸ்க்கின் பெயரே பள்ளிக்கும் பெயராயிற்று. முதல் மாதங்களில் எழுத்துக்கூட்டிப் படிக்க வந்தவர்களில் சிறுவர்களோடு அவர்களுடைய தாய் தந்தையரும், தாத்தா பாட்டிகளும் இருந்தார்கள். தென்மாநிலங்கள் பலவற்றில் அடிமைக்கு எழுத்துக் கற்பிப்பது போர் முடியும்வரை சட்டப்படி குற்றமாக இருந்தது என்பதை நினைத்துக்கொண்டால்தான் அந்த வரிசையின் பொருள் விளங்கும். 1867 ஆகஸ்டில் பள்ளி பல்கலைக்கழகமாகப் பதிவு செய்யப்பட்டது.

கல்லூரியின் வாய்மொழி வரலாற்றில் ஒரு செய்தி வழங்கிவருகிறது. நாஷ்விலின் அடிமைச் சந்தைக் கொட்டடிகளில் கிடந்த துருப்பிடித்த விலங்குகளையும் சங்கிலிகளையும் மாணவர்கள் பொறுக்கிவந்து பழைய இரும்பாக விற்று, அந்தக் காசில் எழுத்துப் பாடநூல்கள் வாங்கினார்களாம். இந்தச் செய்தியை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறேன். தங்களைக் கட்டியதை விற்றுக் கல்வி வாங்கும் செயல் இக்கதையில் இன்னொரு முறையும் நிகழப்போகிறது.

பல்கலைக்கழகம் என்று பெயர்தான் இருந்தது. போர்க்காலத்து அவசரத்தில் எழுப்பிய கொட்டகைகள் ஐந்தாண்டுகளில் உளுத்துவிட்டன. குளிர்காலத்தில் காற்று பலகை இடுக்குகள் வழியே உள்ளே வந்தது. போர்வையும் உணவும் போதவில்லை. கடன் ஏறிக்கொண்டே போனது. 1871 வாக்கில் கல்லூரியை மூடிவிடலாமா என்ற பேச்சே எழுந்துவிட்டது.

அக்கல்லூரியின் பொருளாளர் ஜார்ஜ் வைட். நியூயார்க் மாநிலத்துக் கொல்லர் ஒருவரின் மகன். உள்நாட்டுப் போரில் வடபடைக்காகப் போரிட்டவர். முறையான இசைக்கல்வி அவருக்கு இல்லை. ஆனால் குரலை எடைபோடத் தெரிந்த செவி இருந்தது. கணக்குப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே மாணவர்களுக்குப் பாட்டும் சொல்லிக்கொடுத்து வந்தார். ஊர் ஊராகப் பாடிக் கல்லூரிக்குப் பணம் திரட்டலாம் என்பது அவருடைய யோசனை. மிஷனரி சங்கம் இதை ஆதரிக்கவில்லை. கருவூலத்தில் மிஞ்சியிருந்ததை எடுத்துக்கொண்டும், தம் சொந்தப் பணத்தைச் சேர்த்துக்கொண்டும் வைட் புறப்பட முடிவு செய்தார்.

*

வைட்டின் வலக்கரமாக இருந்தவர் எல்லா ஷெப்பர்ட் என்னும் இளம்பெண். 1851இல் அடிமையாகப் பிறந்தவர். எஜமானி தன் குழந்தையைத் தனக்கு எதிராகவே உளவு சொல்லப் பழக்குவதைக் கண்ட தாய், குழந்தையோடு ஆற்றில் விழுந்து சாகப் போனாள் என்றும், முதிய அடிமைப் பெண் ஒருத்தி வழிமறித்துத் தடுத்தாள் என்றும் எல்லா பின்னர் எழுதியிருக்கிறார். கூடுதல் உழைப்பால் தன் விடுதலையை விலைகொடுத்து வாங்கியிருந்த தந்தை, மகளையும் 350 டாலருக்கு வாங்கினார். தாயை விற்க எஜமானர்கள் மறுத்துவிட்டார்கள். சின்சினாட்டியில் வளர்ந்த எல்லாவுக்குப் பியானோ கற்பிக்க வெள்ளை ஆசிரியர் ஒருவர் இசைந்தார். ஆனால் பின்வாசல் வழியாக, இரவில், யாருக்கும் தெரியாமல் வரவேண்டும் என்பது நிபந்தனை. 1868இல் ஆறு டாலரோடு ஃபிஸ்க்குக்கு வந்த எல்லா, சில காலத்திலேயே அக்கல்லூரியின் இசை ஆசிரியைகளில் ஒருவரானார்.

ஏனையோர் கதைகளும் இவ்வாறானவையே. பெஞ்சமின் ஹோம்ஸ் என்ற இளைஞர் சார்ல்ஸ்டன் நகரில் அடிமைச் சிறுவனாக இருந்தபோது கடைப் பலகைகளைப் பார்த்துத் தானாகவே எழுத்துக் கற்றவர். அடிமைச் சிறையில் அடைபட்டிருந்தபோது லிங்கனின் விடுதலைப் பிரகடனத்தை உடனிருந்தவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டியவர். மேகி போர்ட்டர் கிராமப் பள்ளியொன்றில் ஆசிரியையாக இருந்தார். கூ கிளக்ஸ் கிளான் அந்தப் பள்ளியை எரித்தது. தாமஸ் ரட்லிங்கின் மிகப் பழைய நினைவு, தன் தாய் விற்கப்பட்டுப் பிரிக்கப்பட்டதுதான். மின்னி டேட் குழுவிலேயே இளையவள், வயது பதினான்கு. ஜென்னி ஜாக்சன், எலிசா வாக்கர், ஐசக் டிக்கர்சன், கிரீன் எவன்ஸ் ஆகியோரையும் சேர்த்து முதற்குழுவினரை ஒன்பதின்மர் என்பது கல்லூரியின் மரபு.

இந்த மாணவர்கள் மேடையில் பாட ஆயத்தம் செய்தது ஐரோப்பிய இசையை. எஸ்தர் ராணியின் கதையைச் சொல்லும் இசை நாடகம் ஒன்றை நாஷ்விலில் அரங்கேற்றிப் பாராட்டும் பெற்றிருந்தார்கள். கதைப்பாடல்கள், மதுவிலக்குப் பாடல்கள், தேசபக்திப் பாடல்கள் ஆகியவையே அவர்களுடைய நிகழ்ச்சி நிரல். தாங்கள் படித்தவர்கள், நாகரிகமானவர்கள், எதையும் கற்கும் ஆற்றலுடையவர்கள் என்று காட்டவேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருந்தது.

அடிமைப் பாடல்கள் வேறோர் இடத்தில் இருந்தன. தம் தாய் தந்தையர் பருத்திக் காட்டிலும், இரவின் இரகசிய வழிபாட்டிலும் பாடியவை அவை. வைட்டின் அறையில் கதவையும் சன்னலையும் சாத்திக்கொண்டு, நாற்காலி போதாமையால் தரையில் அமர்ந்து, மாணவர்கள் அவற்றைத் தணிந்த குரலில் தங்களுக்குள் பாடிக்கொள்வார்கள் என்கிறார் எல்லா. அவற்றைப் பொதுவில் பாடும் எண்ணமே அப்போது எங்களுக்கு இல்லை, அவை அடிமைக்காலத்தோடு பிணைந்தவை, மறக்கப்பட வேண்டியவற்றின் அடையாளங்கள், அதே சமயம் எம் பெற்றோருக்குப் புனிதமானவை என்ற பொருளில் அவர் எழுதியிருக்கிறார்.

ஒரே பாட்டு அவமானமாகவும் புனிதமாகவும் இருக்க முடியுமா என்ற கேள்வி எழலாம். அன்றைய அமெரிக்க மேடையை அறிந்தால் இது முரணாகத் தோன்றாது. கருகிய தக்கையைக் குழைத்து முகத்தில் பூசிக்கொண்ட வெள்ளையர்கள், அடிமைகளைப் போலப் பேசியும் ஆடியும் பாடியும் காட்டும் மின்ஸ்ட்ரல் என்ற கேலிக்கூத்தே அந்நாட்டின் மிகப் பெரிய கேளிக்கையாக இருந்தது. கறுப்பு முகம் மேடையேறினால் கூட்டம் சிரிப்பதற்கு ஆயத்தமாகிவிடும். தாய் விற்கப்பட்ட நாளில் பாடிய பாட்டை அந்தக் கூட்டத்தின் முன்னே எடுத்துவைக்க யாருக்குத்தான் மனம் வரும்? சாத்திய கதவு அவமானத்தை மறைத்தது, புனிதத்தையும் காத்தது.

*

1871 அக்டோபர் 6ஆம் நாள் குழு நாஷ்விலை விட்டுக் கிளம்பியது. பிள்ளைகளுக்குக் குளிர்தாங்கும் உடைகூட முறையாக இருக்கவில்லை. இரண்டு நாள் கழித்து சிகாகோ நகரம் தீப்பற்றிக்கொண்டது. அச்சமயத்தில் சின்சினாட்டிப் பக்கம் நிகழ்ச்சி நடத்திய குழுவுக்குக் கிடைத்தது ஐம்பது டாலருக்கும் குறைவு. சொந்தக் கடன் தலைக்குமேல் இருக்க, அந்தத் தொகை முழுவதையும் சிகாகோவில் வீடிழந்தவர்களுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

தொடர்ந்த வாரங்கள் கடுமையானவை. ஊருக்கு ஊர் பாராட்டு கிடைத்தது, தட்டில் காசு விழவில்லை. சில்லிகாதி என்ற ஊரில் தங்கும் விடுதிகள் ஒன்றன்பின் ஒன்றாக இடம் மறுத்தன. கடைசியாக ஒரு விடுதிக்காரர் தம் சொந்தப் படுக்கையறையை ஒழித்துக் கொடுத்தார். ஆனால் ஏனைய விருந்தினர் உணவருந்தும் நேரத்துக்கு முன்பே இவர்கள் உண்டு எழுந்துவிட வேண்டும். போர் முடிந்து ஆறாண்டுகள் கழிந்துவிட்டன, அடிமைமுறையை எதிர்த்துப் போரிட்ட வட மாநிலம் அது என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும். குழுவின் அறிவிப்பைக் கண்டு மின்ஸ்ட்ரல் கூத்து என்று நம்பி வந்தவர்களும் இருந்தார்கள்.

கொலம்பஸ் நகரில் வைட் ஓர் இரவு முழுதும் உறங்கவில்லை. மறுநாள் காலை குழுவுக்கு 'ஜூபிலி பாடகர்கள்' என்று பெயர் வைத்தார். தமிழ் விவிலியத்தில் யூபிலி என்று வரும் சொல் அது. ஐம்பதாம் ஆண்டில் அடிமைகள் விடுவிக்கப்பட்டுத் தத்தம் குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும் என்று லேவியராகமம் 25ஆம் அதிகாரம் விதிக்கிறது. விடுதலை நாளை அடிமைகள் அச்சொல்லாலேயே குறித்து வந்தார்கள். அப்பெயர் ஏறியதும் குழுவின் இயல்பும் மெல்ல மாறியதாகவே தோன்றுகிறது. விடுதலையைப் பெயராகக் கொண்டவர்கள் மதுவிலக்குப் பாட்டோடு நின்றுவிட முடியாதல்லவா?

ஓபர்லின் அமெரிக்க வரலாற்றில் தனித்த இடமுள்ள ஊர். அங்குள்ள கல்லூரி 1835 முதலே கறுப்பின மாணவர்களைச் சேர்த்துக்கொண்டது. 1858இல் தப்பிவந்த அடிமை ஒருவரைப் பிடித்துக்கொண்டு போனவர்களிடமிருந்து ஊரார் திரண்டு சென்று மீட்டார்கள். திருச்சபை மாநாட்டுக்கு நாடெங்கிலுமிருந்து பிரதிநிதிகள் வந்திருந்தார்கள். வைட் கணக்குப் போட்டுத்தான் அங்கே வந்தார். ஒருவர் மனத்தைத் தொட்டால் ஒரு சபையின் கதவு திறக்கும்.

இடைவேளை. நீண்ட விவாதங்களில் களைத்த பிரதிநிதிகள் எழுந்தும் அமர்ந்தும் பேசிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சந்தடியின் நடுவே குழு 'ஸ்டீல் அவே' என்ற அடிமைப் பாடலைத் தொடங்கியது. இதற்கு முன்னும் நிகழ்ச்சிகளின் முடிவில் இப்படிப்பட்ட பாடல்கள் ஓரிரண்டை அவர்கள் பாடியதுண்டு. இப்போது அவை முன்வரிசைக்கு வந்தன.

அந்தப் பாடலைப் பற்றி ஒரு சொல். சந்தடியில்லாமல் நழுவிப் போய்விடுவதைப் பாடுவது அது. போகுமிடம் இறைவனின் திருவடி என்று கேட்போர் கொள்ளலாம். இரவில் எஜமானனுக்குத் தெரியாமல் கூடும் வழிபாட்டுக்கு விடுக்கும் அழைப்பாகவும், வடக்கு நோக்கித் தப்பியோட விடுக்கும் அழைப்பாகவும் அடிமைகளிடையே அது பொருள்பட்டதாகச் சொல்வார்கள். எஜமானன் காதில் பக்தியாகவும் உழவுக்காட்டில் குறிப்புமொழியாகவும் ஒலிக்கும் இந்த இரட்டைப் பொருள் அப்பாடல்கள் பலவற்றுக்கும் உரியது. நம் இலக்கணத்தார் இறைச்சி என்றும் உள்ளுறை என்றும் பெயரிட்டுப் போற்றிய உத்தி, எழுத்தறியாத மக்களிடம் உயிர்காக்கும் கருவியாக இருந்திருக்கிறது.

பாடிய முறையிலும் ஒரு துணிவு இருந்தது. இரைச்சலை அடக்கப் பாடகர்கள் குரலை உயர்த்துவதே வழக்கம். வைட் பயிற்றுவித்தது நேர்மாறான ஒன்றை. உரத்த குரலுக்கு வேண்டிய உள்வேகம் முழுவதையும் செலுத்தவேண்டும், ஆனால் கேட்குமா கேட்காதா என்ற அளவுக்கு மெல்லப் பாடவேண்டும். தன் குரல் பக்கத்திலிருப்பவர் குரலை விஞ்சித் தன் காதில் விழுந்தால் அது பிழை. வைட் முன்னால் நின்று கையசைத்து நடத்துவதும் இல்லை. பாடகர்கள் நெருங்கி நின்று ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டுத் தொடங்குவார்கள். பக்கவாத்தியம் கிடையாது. அப்பாடல்களில் பல, ஐந்து சுரங்களுக்குள் இயங்குபவை. ஏழில் மத்தியமமும் நிஷாதமும் நீங்கிய அந்த வரிசை, நம் செவிக்கு மோகனமாகத் தெரியும். அதன்மேல் மூன்றாம் சுரத்தைச் சற்றே தாழ்த்தி இழைக்கும்போதுதான் இது வேறு நிலத்தின் குரல் என்று விளங்கும்.

பேச்சு ஒவ்வோர் இருக்கையாக அடங்கியது என்பதே அன்றிருந்தவர்கள் விட்டுச்சென்ற சித்திரம். கைக்குட்டைகள் வெளியே வந்தன. பாடி முடித்ததும் இன்னும் இன்னும் என்று கேட்டார்கள். தட்டில் 130 டாலருக்கு மேல் சேர்ந்தது. பணத்தைவிடப் பெரிதாக, வடகிழக்கு மாநிலங்களின் சபைகளிலிருந்து அழைப்புகள் கிடைத்தன. கைவிரித்திருந்த மிஷனரி சங்கமும் மனம் மாறியது.

*

அதன்பின் நிகழ்ந்தவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். டிசம்பரில் புரூக்ளினில் ஹென்றி வார்ட் பீச்சரின் பிளிமத் தேவாலயத்தில் பாடினார்கள். மேடையில் நின்றே அவர் சபையாரிடம் பணம் கேட்டார். நியூயார்க்கின் பத்திரிகை ஒன்று பீச்சரின் மின்ஸ்ட்ரல்கள் என்று இழிசொல் சேர்த்து எள்ளியது. அந்த எள்ளலே கூட்டத்தைப் பெருக்கியது. 1872இல் வெள்ளை மாளிகையில் அதிபர் கிராண்ட் முன் பாடினார்கள். அவ்வாண்டு கோடையில் பாஸ்டனில் நடந்த உலக அமைதி இசைவிழாவில், பெரும் வாத்தியக்குழு எடுத்துக்கொண்ட உச்ச சுருதியில் மற்றவர்கள் திணறினார்கள். அந்தச் சுருதிக்கென்றே வைட்டிடம் பயின்று வந்திருந்த இவர்கள் தங்கள் முறை வந்தபோது தெளிவாகப் பாட, அரங்கமே எழுந்து ஆர்ப்பரித்தது. முதற்சுற்றில் 20,000 டாலர் சேர்ந்தது. கடன் தீர்ந்தது, புதிய நிலம் வாங்கப்பட்டது. 1873இல் இங்கிலாந்து சென்று விக்டோரியா மகாராணி முன்னிலையில் பாடினார்கள். அப்பயணத்தில் ஏறத்தாழ 50,000 டாலர் திரண்டது. 1876 தொடக்கத்தில் ஜூபிலி மண்டபம் திறக்கப்பட்டது. ஆறு மாடி உயரத்தில் எழுந்த அக்கட்டடம் இன்றும் நாஷ்விலில் நிற்கிறது.

இனி விலையைப் பற்றிப் பேசவேண்டும். ஏழாண்டு காலம் ஓய்வில்லாத பயணம். வைட் காசநோயால் இருமிக்கொண்டே குழுவை நடத்தினார். பெஞ்சமின் ஹோம்ஸ் இங்கிலாந்துப் பயணத்துக்குப் பின் அதே நோயில் மறைந்தார். எல்லா ஷெப்பர்ட் பலமுறை நோய்ப்படுக்கையில் விழுந்து எழுந்தார். கல்லூரிக்காகப் பாடப்போன முதற்குழுவினரில் ஏறத்தாழ யாருக்கும் அந்தக் கல்லூரியில் பட்டம் பெற வாய்க்கவில்லை. மண்டபம் எழுந்தது, அதைக் கட்டியவர்களின் படிப்பு பாதியில் நின்றது. 1878இல் ஜெர்மனியில் குழு கலைந்தபோது அவர்கள் களைத்திருந்தார்கள், தங்களுக்குள் மனத்தாங்கல்களும் இருந்தன. மொத்தத்தில் அவர்கள் திரட்டிக் கொடுத்தது 150,000 டாலர் என்பார்கள்.

பாடல்களுக்கு நேர்ந்தது என்ன? நாட்டார் வழக்காற்றியல் கற்பிக்கும் எங்களைப் போன்றவர்களை விடாது துரத்தும் கேள்வி இது. 1872இல் தியோடர் சிவர்ட் என்ற இசைவல்லுநர் இவர்கள் பாடக் கேட்டுச் சுரப்படுத்தி 'ஜூபிலி சாங்ஸ்' என்ற நூலாக்கினார். காட்டிலும் கொட்டிலிலும் பாடப்பட்டபோது அந்தப் பாடல்களுக்கு நிலைத்த வடிவம் கிடையாது. ஒருவர் எடுப்பார், பலர் தொடுப்பார்கள். காலால் தரையை மிதித்துத் தாளம் கொள்வார்கள், யாருக்கு எப்போது உள்ளம் பொங்குகிறதோ அப்போது பாட்டு விரியும். மேடையில் அது நான்கு குரல் பகுப்புக்குள் அடங்கியது. அசைவு நின்றது, ஒலி மெருகேறியது. ஆய்வாளரும் நாவலாசிரியருமான ஜோரா நீல் ஹர்ஸ்டன் 1934இல் இதைக் கடுமையாகவே குறிப்பிட்டார். கச்சேரி மேடையில் ஒலிப்பவை இசையறிஞர்களின் ஆக்கங்கள், உண்மையான அடிமைப் பாடல்கள் அல்ல என்பது அவர் கட்சி.

ஹர்ஸ்டன் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அவர் கண்முன் இருந்த தேர்வு அந்த மாணவர்களின் முன் இருக்கவில்லை. வடிவம் கெடாமல் காப்பதா, மெருகிட்டுக் கொடுப்பதா என்று அவர்கள் தராசு பிடிக்கவில்லை. மின்ஸ்ட்ரல் கூத்துக்காரனிடம் பாட்டை விட்டுவிடுவதா, நாமே பாடுவதா என்பதே அவர்கள் முன்னிருந்த கேள்வி. அவர்கள் கதவைத் திறக்காமல் இருந்திருந்தாலும் அந்தப் பாடல்கள் வெளியே வந்திருக்கும். கரி பூசிய முகங்களின் வாயால் வந்திருக்கும். கூட்டம் சிரிக்கக் காத்திருந்த இடத்தில் அழவைத்தது அந்த மெருகுதான் என்றால், அதை இழப்பு என்று மட்டும் எழுதிவிட என் கை கூசுகிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அடிமைக் கொட்டடிச் சங்கிலிகளை விற்றுப் புத்தகம் வாங்கிய கதையை முன்பு குறிப்பிட்டேன். அதே கல்லூரியின் பிள்ளைகள் பிறகு துயரப் பாடல்களை விற்றுக் கட்டடம் வாங்கினார்கள். விற்பனை என்ற சொல் சிலருக்கு உறுத்தலாம். 350 டாலருக்கு விலைபோன எல்லா ஷெப்பர்டுக்கு அந்தச் சொல்லின் முழுப்பொருளும் தெரிந்திருக்கும். இம்முறை விற்பவர்கள் அவர்கள். எதை விற்பது, எதை விற்காமல் வைத்துக்கொள்வது என்பதை அவர்களே முடிவு செய்தார்கள். ஓபர்லினில் நிகழ்ந்ததன் சாரம் இதுவென்றே நான் கொள்கிறேன். கண்ணீர் விட்டவர்கள் பிரதிநிதிகள், முடிவெடுத்தவர்கள் மாணவர்கள். வரலாற்றில் அக்கண்ணீரே அதிகம் பேசப்பட்டுவிட்டது.

*

கலைந்த குழு வேறு வேறு வடிவங்களில் தொடர்ந்தது. பின்னாளில் சேர்ந்த ஃபிரெடரிக் லவுடின் என்ற பாடகர், கல்லூரியின் பொறுப்பிலிருந்து விலகிய ஒரு குழுவோடு 1884இல் உலகப் பயணம் கிளம்பி ஆறாண்டுகள் கழித்தே நாடு திரும்பினார். ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளுக்குப் பின் இலங்கை, இந்தியா, பர்மா, ஜப்பான் என்று விரிந்தது அப்பயணம். ஆக்ராவில் தாஜ் மஹாலினுள் அவர்கள் பாடினார்கள். எதிரொலிக்கும் அந்தப் பளிங்குக் கூரையின் கீழ் டென்னஸியின் அடிமைப் பாட்டு ஒலித்தது என்பதை நம் இசை வரலாற்று நூல்கள் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

ஃபிஸ்கில் படித்து 1888இல் பட்டம் பெற்ற டபிள்யூ. இ. பி. டுபாய்ஸ், 1903இல் வெளியிட்ட 'தி சோல்ஸ் ஆஃப் பிளாக் ஃபோக்' நூலின் கடைசிக் கட்டுரையை இந்தப் பாடல்களுக்கே ஒதுக்கினார். நூலின் இயல்களுக்கு முன்னால் சொல்லின்றிச் சுரக்குறிப்பாக அவற்றின் சில துண்டுகளை அச்சிட்டார். சொற்களைத் தராமல் சுரத்தை மட்டும் தந்ததில் ஒரு குறிப்பு உண்டு என்றே தோன்றுகிறது. கேட்டறிந்தவனுக்கு அது பாட்டு, மற்றவனுக்கு வெறும் கோடுகளும் புள்ளிகளும். திறந்த கதவின் ஓர் இடுக்கை அவர் மீண்டும் சாத்திவைத்தார் எனலாம்.

எல்லா ஷெப்பர்ட் சுற்றுப்பயணங்களுக்குப் பின் நாஷ்விலுக்கே திரும்பினார். சிறுவயதில் பிரிந்த தாயைத் தேடிக் கண்டுபிடித்துத் தன்னோடு அழைத்துவந்து வீடமைத்துக் கொடுத்தார். 1914இல் மறைந்தார். முதற்குழுவின் மேகி போர்ட்டர் 1942வரை வாழ்ந்தார். கல்லூரியின் பாடகர் குழு தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. கல்லூரியின் 150ஆம் ஆண்டு நினைவாக அக்குழு வெளியிட்ட இசைத்தொகுப்பு 2021இல் கிராமி விருது பெற்றது. ஆண்டுதோறும் அக்டோபர் 6ஆம் நாளைக் கல்லூரி ஜூபிலி நாளாகக் கொண்டாடுகிறது. அன்று மாணவர்கள் நாஷ்விலிலுள்ள பழைய பாடகர்களின் கல்லறைகளுக்குப் போகிறார்கள். அங்கே மேடையில்லை, தட்டும் இல்லை. சுற்றி நின்று பாடிவிட்டுத் திரும்புகிறார்கள்.